தோரணம் வேணுமா?

9 அக்டோபர் 2025

எனக்குக் காது கேட்காது என்று மூன்றாம் மாடி உஷாராணி இந்தப் பிளாட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தவறு.

இன்று காலை எதிர்வீட்டுச் சிந்து என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஆன்டி! மத்தியானம் தண்ணி வராதாம்!" என்று பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுவதற்கும் அறிவிக்கிற மாதிரி கத்தினாள். ஏன் கத்துகிறாய் என்று கேட்டேன். "உஷா ஆன்டிதான் சொன்னாங்க, உங்ககிட்ட சத்தமா பேசணும்னு." தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

இந்தக் காதை வைத்துத்தான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் ஓய்வுபெறும் வரை சுருக்கெழுத்து எழுதினேன். மேனேஜர் வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் எழுதினேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னடெட் வகுப்பின் பின்பக்கம் நின்றுகொண்டு டிக்டேஷன் சொல்வார். ஒரு எழுத்துத் தவறினால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும். நான் ஒருநாளும் திரும்ப எழுதியதில்லை.

சிலர் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். அதற்கு என் காது பொறுப்பாகாது.

12 அக்டோபர், ஞாயிறு

பிளாஸ்டிக் பிரிக்கும் நாள். குகன் கிள்ளானிலிருந்து வந்திருந்தான்.

குகன் என் கணவருடைய தம்பி மகன். பல்கலைக்கழகத்தில் படித்த காலம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் தங்கினான். அவர் போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன். இப்போது கிள்ளானில் ஒரு கார் பட்டறைக்குப் பின்னால் கொட்டகை எடுத்து, குப்பைப் பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய் எடுக்கிறான். காற்றுப் புகாத இரும்பு உருளையில் போட்டுச் சூடேற்றுவான். அது எரியாது, ஆவியாகும். அந்த ஆவியைத் தண்ணீருக்குள் ஓடும் குழாயில் குளிரவைத்தால் மறுமுனையில் தேன் நிறத்தில் எண்ணெய் சொட்டும். வருகிற தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அவன் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலின் ஜெனரேட்டரை இந்த எண்ணெயில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுதான் அவன் ஆசை. ஓடிவிட்டால் நகராண்மைக் கழகம் நிரந்தர அனுமதி தரும் என்று நம்புகிறான்.

இந்தப் பிளாட்டில் பால் போத்தலையும் ஐஸ்கிரீம் டப்பாவையும் கழுவி, காயவைத்து, வெட்டி, வகை பிரித்து, மூட்டைக்கு லேபிள் ஒட்டி அவனுக்குக் கொடுக்க ஆரம்பித்தது யார்? நான். உஷாராணி பிறகு வந்து சேர்ந்தவள். கடைத்தெரு நடைபாதையில் வளையல், பொட்டு, தீபாவளித் தோரணம் விற்கிறவள். அவள் கொண்டுவந்தது முக்கியமாக அவள் வாயை.

இன்று அவனுக்குப் புட்டு மாயமும் — இடியாப்பத்துக்கு இங்கே அதுதான் பெயர் — மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்தாள். படிக்கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தாள். "டேய் குகா, மூஞ்சியெல்லாம் எண்ணெய் வழியுது பாரு. வேஸ்ட் பண்ணாதடா, அதையும் புடிச்சு ஜெனரேட்டர்ல ஊத்து லா!" எல்லோரும் சிரித்தார்கள். அவன் புரை ஏறும் வரை சிரித்தான்.

என் வீட்டில் இருந்த அத்தனை வருடத்தில் அவன் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. நான் செய்து கொண்டுபோன முட்டை சாண்ட்விச் — ஓரம் வெட்டி, ஈரத்துணி மூடி — அப்படியே திரும்பி வந்தது. இரவு நானே சாப்பிட்டேன்.

15 அக்டோபர்

குகனைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் வந்திருக்கிறது. படமும் இருக்கிறது. குகன், அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு உஷாராணி. பின்னால் ஒரு முழங்கையும் மூக்குக் கண்ணாடியும் தெரிகின்றன. அது நான்.

"உஷாராணி அவர்களும் மற்றும் அடுக்குமாடிப் பெண்களும்" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் "உம்" போட்ட பிறகு நடுவில் "மற்றும்" எதற்கு? பிழை.

அந்தப் பிழைதான் நான்.

20 அக்டோபர், தீபாவளி

குகன் வந்தான். காலில் விழுந்தான். முறுக்கைத் தொடவில்லை, வயிறு நிறைந்திருக்கிறதாம். மூன்றாம் மாடியில் நிறைத்துவிட்டு ஏழாம் மாடிக்கு வந்திருக்கிறான்.

26 அக்டோபர், ஞாயிறு

கீழ்த்தளத்துக் குப்பைத்தொட்டி முழுக்கத் தோரணம். பிளாஸ்டிக் மாவிலை, பிளாஸ்டிக் சாமந்தி, தங்க நூல், நுனியில் குட்டிக் குட்டி இரும்பு மணிகள். நம் ஆட்கள் மாவிலை கட்டுவதை விட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. பாதிக்கு மேல் உஷாராணி கடைச் சரக்கு.

நான் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்ததும் அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "அக்கா, தோரணம் போடக்கூடாதாம். குகன் சொன்னான். இது வேற பிளாஸ்டிக்காம், மெசின் கெட்டுப் போயிடுமாம்."

குகன் சொன்னானா? எப்போது? சொன்னால் என்னிடமல்லவா சொல்லியிருப்பான்? மூட்டை கட்டுவது நான், லேபிள் எழுதுவது நான். அவளிடம் எதற்குச் சொல்கிறான்? எனக்குத் தெரியும் விஷயம். அவள் விற்றது ஒரே வாரத்தில் குப்பைத்தொட்டிக்கு வந்திருக்கிறது. அதை எல்லோர் கண் முன்னாலும் மலையாகக் குவித்து வெட்டுவது அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குக் குகன் பெயரைப் பிடித்துக்கொள்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கே போன் செய்தேன். பட்டறையில் யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "தோரணம் வேணுமா வேணாமா? ஒரே வார்த்தையில் சொல்."

"வேணும், பெரியம்மா."

அவ்வளவுதான். முடிந்தது. இடையில் ஒருத்தி எதற்கு?

30 அக்டோபர்

தோரணம் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து நானே வெட்டினேன். விரலில் கொப்புளம். மணிகளைக் கழற்றவில்லை. இரும்பு ஆவியாகாது, அடியில் தங்கும், குகன் அள்ளிவிடுவான். மூட்டைகளைக் கட்டி என் கையெழுத்தில் லேபிள் ஒட்டிவிட்டேன். உஷாராணியிடம் சொல்லவில்லை. சொன்னால் போனில் கொஞ்சி அவன் மனத்தை மாற்றிவிடுவாள்.

மெசின் அருமையாக ஓடட்டும். அப்புறம் சொல்கிறேன், எல்லோர் முன்னாலும்.

2 நவம்பர்

லோரி வந்து மூட்டைகளை எடுத்துப் போனது.

8 நவம்பர்

குகன் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பதை இரண்டு முறை படித்தேன்.

நேற்று மெசின் ஓடும்போது குழாய் இணைப்பிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியிருக்கிறது. மூக்கை அரிக்கும் புகை. அமிலப் புகையாம். பட்டறை ஆட்கள் தெருவுக்கு ஓடியிருக்கிறார்கள். குகன் அடுப்பை அணைக்க உள்ளே ஓடி அதை நன்றாக இழுத்திருக்கிறான். கண் சிவந்து, தொண்டை கட்டி, ராத்திரி முழுவதும் ஆஸ்பத்திரியில். குளிர்விக்கும் குழாய் உள்பக்கம் அரித்துப் போய்விட்டது. எண்ணெய் எதற்கும் ஆகாது. சில வருடங்களுக்கு முன் ஜெஞ்சாரோம் பக்கம் ஆலைகள் பிளாஸ்டிக் எரித்த நாற்றத்தை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை, உடனே புகார். மறுபடி சோதிக்கும் வரை ஓட்டக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

கீழே ஒரு படம். அவன் உள்ளங்கையில் கரிபிடித்த குட்டி மணிகள். "யார் மூட்டையில தோரணம் போச்சு?"

யார் மூட்டையிலா? நீதானேடா வேணும்னு சொன்னே! என் காதால கேட்டேன். சொல்லிட்டு இப்ப யார் மூட்டைன்னு கேக்கறியா? ஆஸ்பத்திரிக்குப் போனவன் எனக்கு ஒரு போன் பண்ணல. உஷாராணி கூட இருந்தாளாம். ராத்திரி முழுக்க இருந்தாளாம். அவளுக்கு யார் சொன்னது? எனக்கு ஏன் யாரும் சொல்லல?

9 நவம்பர், ஞாயிறு

கீழ்த்தளத்தில் எல்லோரும் கூடினார்கள். குகன் குரல் தேய்ந்து போயிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் அவன் உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் தொண்டை அப்படி.

"பெரியம்மா மூட்டையில நிச்சயமா இருக்காது. அவங்க லேபிள் இருந்தா நான் பிரிச்சே பார்க்கிறதில்ல, அப்படியே கொட்டிடுவேன்" என்றான்.

அதற்குப் பிறகு எல்லோரும் உஷாராணி பக்கம் பார்த்தார்கள்.

"நான் போடலடா குகா. போடக்கூடாதுன்னு சொன்னதே நான்தான்!"

பிளாட் கமிட்டித் தலைவர் நாகையா மெதுவாகவா பேசுவார்? "உன் கடைத் தோரணம். உன் கடை மணி. பின்னே யாரும்மா போட்டது, பத்துமலையிலேருந்து முருகனா இறங்கி வந்தாரு?"

சிலர் சிரித்தார்கள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. அவன் என்னை அவ்வளவு உறுதியாக நம்பியது — அதை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது — நன்றாக இருந்தது. எழுதக் கூசுகிறது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

10 நவம்பர்

உஷாராணி என் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. போடக்கூடாதுன்னு நான் உங்க கையைப் புடிச்சு சொன்னேன்ல?"

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

16 நவம்பர், ஞாயிறு

இனிமேல் நான் ஒருத்திதான் பிரித்துக் கட்ட வேண்டும் என்று குகன் சொல்லிவிட்டான். மூட்டை அறைச் சாவி என் கையில்.

7 டிசம்பர்

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் குறைந்துவிட்டது. வருகிறவர்களும் வாய் திறப்பதில்லை. வேலை முன்பைவிடச் சுத்தம்.

இன்று குகன் என் சாண்ட்விச்சை இரண்டு துண்டு சாப்பிட்டான். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "சம்பல் இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் சாப்பிட்டான்.

பையன்கள் உஷாராணிக்குத் "தோரண மகாராணி" என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். சிந்து சொன்னாள். சொல்லும்போது அவளும் சிரிக்கவில்லை. "பாவம் ஆன்டி அவங்க" என்றாள். என்னிடம் ஏன் சொல்கிறாள்?

19 டிசம்பர்

லிஃப்டில் நானும் உஷாராணியும் மட்டும். கதவைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

கேட்க விரும்பவில்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

10 ஜனவரி 2026

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் இப்போதுதான் வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

குகன் புதுக் குழாய் மாட்டிவிட்டான். இன்று வெறும் தண்ணீரை விட்டுக் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டைக்குப் பயந்து எப்போதும் மாஸ்க். நான் பிளாஸ்க்கில் டீ கொண்டுபோயிருந்தேன். அவன் உருளைக்கு மறுபக்கம் குனிந்திருந்தான். "டீ வேணுமா?" என்றேன். "வேணும்" என்றான். ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவன் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தான். "வேணாம்னுதானே சொன்னேன், பெரியம்மா. சரி, கொடுங்க, குடிச்சிடறேன்."

டம்ளரை அவன் கையில் கொடுத்தேன்.

"மாஸ்க்கைப் போடு. இன்னொரு தரம் சொல்."

"எதை?"

"இரண்டையும். வேணும், வேணாம். மாற்றி மாற்றிச் சொல்."

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். சொன்னான். முதலில் எது, பிறகு எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே கேட்டன. வே — பிறகு ஒரு மூட்டம்.

"தீபாவளி முடிந்து உனக்குப் போன் செய்தேனே. தோரணம் வேணுமா என்று. என்ன சொன்னாய்?"

"வேணாம்னு சொன்னேன்." டீயை ஊதினான். "நீங்க அன்னைக்குக் கேட்டு வச்சதாலதான் உங்க மூட்டையில இருக்காதுன்னு எனக்கு அவ்வளவு உறுதி. பாருங்க, நீங்க கேட்டீங்க. உஷா அக்கா எனக்கு எல்லாம் தெரியும்னு போட்டுட்டாங்க."

பிளாஸ்க்கை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்போ அவ உண்மையைத்தான் சொன்னா. என் கையைப் புடிச்சு சொன்னா. அவன் பேசினதை அவ சரியா கேட்டா. நான்தான் —

11 ஜனவரி, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி மூட்டை அறையைத் திறக்கவில்லை.

15 ஜனவரி, பொங்கல்

வாசலில் நிஜ மாவிலை கட்டினேன். சிந்து வாங்கி வந்து கொடுத்தாள். இந்த வருடம் இந்த மாடியில் யாரும் பிளாஸ்டிக் தோரணம் கட்டவில்லை. உஷாராணி கடையை நாலு நாளாகத் திறக்கவில்லையாம். வாங்க ஆள் இல்லையாம்.

21 ஜனவரி

காது டாக்டர். நூர்ஜஹான் என்று பெயர், நம் தமிழ்ப் பெண்தான். ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். எனக்கு எழுதிப் பழக்கம் என்றேன். சரி, எழுதுங்க ஆன்டி என்றாள். சுருக்கெழுத்தில் வேகமாக எழுதினேன். ஒரு சொல்லுக்குக்கூடத் தயங்கவில்லை. முடித்ததும் அவள் சொன்ன சொற்களையும் நான் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

சிஸ்டர் பெர்னடெட்டாக இருந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதச் சொல்லியிருப்பார்.

"எத்தனை வருஷமா இப்படி, ஆன்டி? கூட இருக்கிறவங்க யாரும் சொல்லலையா?"

ஒருத்தி சொன்னாள் என்றேன்.

1 பிப்ரவரி, தைப்பூசம்

சிந்துவோடு பத்துமலை போனேன். மலையேறவில்லை, குகன் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். ஜெனரேட்டர் சாதாரண டீசலில் ஓடியது. "இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம், பெரியம்மா" என்றான் குகன், குனிந்து, என் வலது காதருகே. அந்தக் காதுதான் கொஞ்சம் கேட்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனே கவனித்திருக்கிறான்.

மோர் ஊற்றும் இடத்தில் யாரோ ஒரு பெண் நின்றாள். அவளுக்குக் கை வரவில்லை. வருடா வருடம் உஷாராணிதான் அங்கே நிற்பாள். "வாங்க வாங்க, முருகனுக்கு முந்தி எனக்கு வணக்கம் சொல்லுங்க!" என்று அவள் கத்தினால் கூட்டம் சிரித்துக்கொண்டே வரும். இன்று ஜனங்கள் குடித்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. குகன் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவன் சிரிப்பில் இன்னொருத்திக்குப் பங்கு போனதும் என் கையிலிருந்து யாரோ பிடுங்கியது போல இருந்தது. இப்போது சாவி என்னிடம் இருக்கிறது. அவனும் என்னிடம்தான் வருகிறான். சிரிப்பைக் காணோம்.

4 பிப்ரவரி

நேற்றுக் கிள்ளான் போய்க் குகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு, "எங்கிட்ட சொன்னது சரி, பெரியம்மா. அவங்ககிட்ட?" என்றான். மாஸ்க் இல்லாமல், முகத்தைக் காட்டி. தெளிவாகக் கேட்டது. சாவியை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

நாகையாவிடம் நேரில் சொன்னேன். அவர் மறுபடி மறுபடி "நீங்களா?" என்றார். நான்தான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். லிஃப்ட் பக்கத்துப் பலகையில் என் கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். சிந்து நின்று முழுவதும் படித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடிக்குத் தனியாக ஒன்று எழுதினேன். கதவைத் தட்ட நினைத்தேன், முடியவில்லை. அடியில் தள்ளிவிட்டு வந்தேன். அதன் நகல்:

உஷாராணி,

தோரணங்களை வெட்டி மூட்டையில் போட்டது நான். குகன் வேணாம் என்று சொன்னான். எனக்கு வேணும் என்று கேட்டது. நீ என் கையைப் பிடித்துச் சொன்னபோது நம்பவில்லை. நீ சொன்னாய் என்பதாலேயே நம்பவில்லை. நீ என் வாசலில் நின்று கேட்டபோது எனக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது.

என் காதைப் பற்றி நீ சொன்னது சரி. அடுத்த வாரம் காதுக்கருவி மாட்டுகிறார்கள். அதற்குப் பிறகும் முழுவதும் கேட்காது என்கிறார் டாக்டர்.

குகன் மெசினை மறுபடி ஓட்டப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை பிரிப்பு ஆரம்பம். சாவி இனி உன்னிடம் இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். நீ வந்தால் நான் லேபிள் மட்டும் எழுதுகிறேன். என் வலது பக்கம் உட்கார். பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசு. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ய உனக்கு மனமில்லை என்றால் நான் வரவில்லை, நீ போ.

நான் வரவேண்டுமா, வேண்டாமா? இரண்டில் ஒன்றை முழு எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஏழாம் மாடியில் என் கதவுக்கு அடியில் தள்ளிவிடு. போன் செய்யாதே. சிந்துவிடம் சொல்லி அனுப்பாதே. பதிலை எழுத்தில் தரவும்.

தனலெட்சுமி ராதாகிருஷ்ணன்